ஒரு தீர்ப்பு யாரையெல்லாம் கட்டும்? கமுதி முதல் மேல்பாதி வரை



ராஜஸ்தானில் ஒரு கொலை வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அறிவிப்பே போகவில்லை. அவருடைய சகோதரர் ஹரிராம் பாம்பி உச்ச நீதிமன்றம் போனார். 2021 அக்டோபர் 29 அன்று அந்தப் பிணை ரத்தானது. சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு அறிவிப்புக் கொடுப்பதும், அவர்கள் சொல்வதைக் கேட்பதும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

செஞ்சியில் எங்கள் படிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தோழர் ஒருவர் கேட்டார்: "அது ராஜஸ்தான்காரர் போட்ட கேஸ். விழுப்புரம் கோர்ட்டில் அதை ஏன் கேட்கணும்?" நல்ல கேள்வி. சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் தோழர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் அது அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அதுபோலச் சென்னை உயர் நீதிமன்றம் சொல்வது தமிழ்நாட்டின் கீழ் நீதிமன்றங்களைக் கட்டும். வக்கீல்கள் 'ரூலிங்' என்று சொல்வது இதைத்தான். நான் இங்கே முன்தீர்ப்பு என்று எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஒரு விதி? நம் ஊர்க் கோட்டையைப் பாருங்கள். நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் கைக்குப் போனது. 1677இல் மராட்டியர், 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். நடுவில் 1714இல் தேசிங்கு ராஜா செத்த கதையைத்தான் நாம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்ததும் வந்த கூட்டத்துக்கும் ராஜாக்கள் கதைதான் சொல்லப்படுகிறது. அந்தக் கல்லை மேலே சுமந்தவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அது வேறு கட்டுரை. ஆள்பவரின் வாயிலிருந்து வரும் நியாயம் ஆள் மாறினால் மாறும். எளியவனுக்குச் சாதகமாக ஒரு ராஜா சொன்ன வார்த்தை அடுத்த ராஜாவைக் கட்டாது. முன்தீர்ப்பு என்ற ஏற்பாடு அதைத்தான் மாற்றுகிறது. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், போன வழக்கில் சொன்ன சட்டத்தை இந்த வழக்கிலும் சொல்லியாக வேண்டும். நம்மைப் போலப் பணமும் ஆள் பலமும் இல்லாதவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு முறையும் டெல்லி வரை போய் ஜெயிக்க முடியாது. ஒருவர் ஜெயித்ததை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் வழி இது.

ஆனால் ஒருவர் தோற்றால் எல்லோரும் தோற்பதும் இதே வழியில்தான். நம் வரலாற்றில் முதலில் நடந்தது அதுதான்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் வந்தது. 1875இல் தீர்ப்புத் தொகுப்புகளை அதிகாரபூர்வமாக வெளியிடத் தனிச் சட்டமே வந்தது. அச்சில் ஏறிய தீர்ப்பு மாவட்டம் மாவட்டமாகப் பயணம் செய்தது. இந்தக் காலத்தில்தான் ராமநாதபுரம் சீமையில் கமுதி வழக்கு எழுந்தது. 1897 மே மாதம் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் சிவகாசிக் கலவரமும் நடந்தது. 1901இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 1908இல் லண்டனில் பிரிவி கவுன்சிலும் அதையே சொன்னது: நெடுங்கால வழக்கப்படி அவர்களுக்கு அந்தக் கோயிலுக்குள் போக உரிமை இல்லை.

நாடார்கள் தலித்துகள் அல்ல, இது ஏன் நம் கதை என்று கேட்கலாம். அன்று அவர்கள் மீதிருந்த தடைகளில் பல நம் மீதும் இருந்தன, கோயில் தடையும் அதில் ஒன்று. அதைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பு நிறுத்திய தர்க்கம். 'வழக்கம்' என்பது அதுவரை ஊர்க்காரர்களின் கட்டுப்பாடு. கோயில் வாசலில் நின்று தடுத்தவர்களின் தடிதான் அதற்குச் சட்டம். 1908க்குப் பிறகு அந்தத் தடிக்குப் பேரரசின் உச்ச நீதிமன்றத்து முத்திரை கிடைத்தது. பிரிவி கவுன்சில் சொன்னால் இந்தியா முழுவதும் எந்த நீதிபதியும் மீற முடியாது. நல்ல மனதுள்ள முன்சீப் ஒருவர் இருந்திருந்தாலும் அவர் கை கட்டப்பட்டுத்தான் இருந்திருக்கும்.

இதன் பாரம் எவ்வளவு என்பது 31 ஆண்டு கழித்து மதுரையில் தெரிந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. அதன் பிறகு ராஜாஜி அரசு அவசரமாகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: கோயில் நுழைவு அனுமதி மற்றும் காப்புறுதிச் சட்டம். காப்புறுதி எதற்கு? வழக்கத்தை மீறிக் கதவு திறந்துவிட்ட அதிகாரிகள் மீதும் உள்ளே போனவர்கள் மீதும் வழக்குப் பாயும் என்பதால். தீண்டாமை குற்றமாக இல்லாத நாட்டில், தீண்டாமையை மீறுவதுதான் குற்றமாக இருந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னால் நின்றவை கமுதி போன்ற தீர்ப்புகள்.

இப்படி ஒரு தீர்ப்பு எதிரே நிற்கும்போது வழக்காடுபவர் என்ன செய்வது? இதற்கு மிக நல்ல பாடம் மகாத்தில் இருக்கிறது. நான் இளைய தோழர்களிடம் எப்போதும் சொல்வது, மகாத்தை 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான். மீதிக் கதை நீதிமன்றத்தில் பத்து ஆண்டு நடந்தது. சாதி இந்துக்கள் டிசம்பரில் தடையாணை வாங்கினார்கள். மீண்டும் குளத்தில் இறங்கத் திரண்டிருந்த கூட்டத்தை அம்பேத்கர் நிறுத்தினார். சிலருக்கு அது இன்றும் ஏமாற்றமாகத் தெரிகிறது. அவர் வழக்கை வழக்காகவே நடத்தத் தீர்மானித்தார்.

எதிர்த்தரப்பின் வாதம் கமுதியின் வாதமேதான்: தீண்டத்தகாதவர்கள் இந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது தொன்றுதொட்ட வழக்கம். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. எப்படி? கோயில் தீர்ப்புகள் தவறு என்று அது சொல்லவில்லை. பிரிவி கவுன்சிலைத் தவறு என்று சொல்லும் அதிகாரமும் அதற்கு இல்லை. கோயில் விஷயம் வேறு, குளம் வேறு என்றது. கோயில் குறிப்பிட்ட சாதிகளுக்காகவே ஏற்பட்டது என்று நீண்ட நடைமுறையை வைத்து ஊகிக்க இடமுண்டு. ஊர்ப் பொதுக்குளத்துக்கு அந்த ஊகம் பொருந்தாது. அப்படியானால் தொன்றுதொட்ட வழக்கம் என்பதை வாதிகள் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி.

இதைத்தான் வேறுபடுத்திக் காட்டுவது என்கிறார்கள். மோசமான முன்தீர்ப்பை உடைக்க முடியாத இடத்தில் அதன் எல்லையைச் சுருக்குவது. இந்த வழி நமக்கு மட்டும் திறந்த வழியல்ல. நமக்கு எதிராகவும் இதே வழியில் வருவார்கள். 2018இல் அதைப் பார்த்தோம். கீழே வருகிறேன்.

1950இல் அரசமைப்புச் சட்டம் கமுதியை ஒரே வீச்சில் முடித்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது எல்லோருக்கும் தெரியும். 13ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டு, 'சட்டம்' என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் அது சேர்க்கிறது. கமுதித் தீர்ப்பு நின்றதே வழக்கம் என்ற ஒற்றைக் காலில்தான். முன்தீர்ப்பு எவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து வந்தாலும், அது விளக்கிய சட்டத்தையே மாற்றிவிட்டால் தீர்ப்பு காலி.

ஆனாலும் புதிய சட்டத்துக்குப் புதிய முன்தீர்ப்பு தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டத்தை, அப்போது இதே மாகாணத்தில் இருந்த தென் கன்னடத்தின் முல்கி வெங்கடரமணர் கோயிலைச் சேர்ந்த கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் எதிர்த்தார்கள். இது எங்கள் சமயப் பிரிவின் கோயில், யாரை விடுவது என்று நாங்கள் முடிவு செய்வோம் என்றார்கள். 1957இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பொதுக் கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டம் அந்த உரிமைக்கும் மேலானது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர். அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்கு நேரங்களை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. எனக்கு அந்த விட்டுக்கொடுப்பில் உடன்பாடு இல்லை. ஆனாலும் கதவை யாரும் சாத்த முடியாது என்பது அன்றே முடிவான விஷயம்.

முடிவான பிறகும் என்ன நடக்கிறது? நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி. திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023இல் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு, நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம் என்று ஆய்வாளர்கள் சொல்வது செஞ்சிப் பக்கத்தைத்தான். ஆல்ஃப் ஹில்டெபெய்டல் தன் புத்தகத்தின் பெயரிலேயே செஞ்சியை வைத்தார். துகில் உரியப்பட்டவளுக்கு நியாயம் கேட்கும் கூத்து விடிய விடிய நடக்கும் மண். இங்கே 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்து சேர 2025 ஆனது. தீர்ப்பு நீதிபதியைக் கட்டும். ஊர்ச் சாதிக்காரரைத் தானாகக் கட்டாது. தாசில்தாரையும் டிஎஸ்பியையும் அது கட்ட வேண்டும் என்றால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வைக்க ஆள் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் பேசிவிடலாம். கீழ்வெண்மணித் தீர்ப்பை ஒரு கெட்ட முன்தீர்ப்பு என்று பல மேடைகளில் சொல்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய பண்ணையார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் எழுதியது. அநியாயம். ஆனால் சட்டக் கணக்கில் அது முன்தீர்ப்பு ஆகாது. யார் சொல்வதை நம்புவது என்பது அந்த வழக்கின் சாட்சியம் பற்றிய முடிவு. அடுத்த வழக்கின் நீதிபதியை அது கட்டுவதில்லை. 'பணக்காரர் கொலை செய்யமாட்டார்' என்பது சட்டமாகிவிடவில்லை. நீதிபதிகளின் தலைக்குள் இருக்கும் சாதி வேறு, தீர்ப்பிலிருந்து பிறக்கும் சட்டம் வேறு. முன்னதை எதிர்க்க ஒரு வழி, பின்னதை எதிர்க்க வேறு வழி. இரண்டையும் கலந்தால் நம் வாதம் நீதிமன்றத்தில் முதல் நிமிடத்திலேயே விழும்.

இனி 2018.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்ஜாமீன் கிடையாது என்கிறது. இது செல்லுமா என்ற கேள்வி மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த பலோத்தியா வழக்கில் எழுந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. காரணங்களும் தெளிவாக இருந்தன: இந்தக் குற்றங்கள் தீண்டாமையிலிருந்து பிறப்பவை; குற்றவாளியை வெளியே விட்டால் பாதிக்கப்பட்டவரை மிரட்டவும் விசாரணையைக் கெடுக்கவும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது முன்தீர்ப்பு 2013 நவம்பரில் வந்த லலிதா குமாரி வழக்கு. ஐந்து நீதிபதிகள். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போடுவது கட்டாயம் என்று சொன்ன தீர்ப்பு.

இவை இரண்டும் இருக்க, 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. எஃப்ஐஆருக்கு முன் டிஎஸ்பி முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேண்டும், மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். முதல் பார்வையில் குற்றம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் கொடுக்கலாம்.

பலோத்தியாவை ரத்து செய்வதாக அந்த அமர்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உண்மையான வழக்குகளுக்குத்தான் அது பொருந்தும், பொய் வழக்குக்கு அல்ல என்று வேறுபடுத்தியது. மகாத்தில் நமக்குப் பயன்பட்ட அதே கருவி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குளமும் கோயிலும் வேறு என்பது கண்ணால் பார்க்கும் வேறுபாடு. எது பொய் வழக்கு என்பது விசாரணை முடிந்த பிறகு தெரியவேண்டியது. விசாரணைக்கு முன்பே அதை வைத்து வேறுபடுத்தினால், முந்தைய தீர்ப்பைக் கையால் தொடாமலே குடலை உருவிவிட்டது போலத்தான். நான் சமூகவியல் படித்தவள், வக்கீல் அல்ல. ஆனால் இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் பட்டம் தேவையில்லை.

ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய பந்த். வட மாநிலங்களில் நம் இளைஞர்கள் பலர் செத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: எஃப்ஐஆருக்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு ஒப்புதல் தேவையில்லை, எந்த நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் முன்ஜாமீன் கிடையாது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, முதற்கட்ட விசாரணை பற்றியும் கைது அனுமதி பற்றியும் 2018இல் சொன்னவற்றைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று பிரித்விராஜ் சௌகான் வழக்கில் 18ஏ செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

வெற்றி என்று கொண்டாடினோம், நியாயம்தான். அந்த 2020 தீர்ப்பை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? புகாரைப் படித்தாலே முதல் பார்வையில் இந்தச் சட்டப்படி குற்றம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் தடை பொருந்தாது என்ற பகுதி அதில் அப்படியே இருக்கிறது. அந்தப் பகுதியும் நம்மைக் கட்டும். இன்று பிசிஆர் வழக்குகளில் முன்ஜாமீன் கேட்டு வரும் மனுக்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன.

உள் ஒதுக்கீடு கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே நான் பேசுவது அமர்வுகளின் அளவு பற்றி மட்டும். 2004இல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள், பட்டியல் சாதிகள் ஒரே தொகுதி, அதைப் பிரிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். அதைக் காட்டிப் பஞ்சாப் சட்டம் 2010இல் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர்களுக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் தந்த சட்டமும் அதே கத்தியின் கீழ்தான் இருந்தது. 2020இல் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குச் சின்னையா தவறு என்று தோன்றியது. ஆனாலும் சமமான அமர்வை மாற்ற முடியாது என்பதால் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சின்னையாவை நீக்கினார்கள். 2018இல் இரண்டு நீதிபதிகள் சுற்றுவழியில் போனதையும், 2020இல் ஐந்து நீதிபதிகள் நின்று மேலே அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பேலா திரிவேதியோ, சின்னையாவை மறுபரிசீலனைக்கு அனுப்பிய விதமே சரியல்ல என்றார். அவருடைய முடிவு எனக்கு ஏற்பில்லை, ஆனால் அவர் எழுப்பிய கேள்வியைப் படிக்க வேண்டும்.

அதே தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் பட்டியல் சாதிகளுக்கும் கிரீமிலேயர் வேண்டும் என்று எழுதினார்கள். மறுநாளே வாட்ஸ்ஆப்பில் 'எஸ்சிக்குக் கிரீமிலேயர் வந்துவிட்டது' என்று பரவியது. அந்த வழக்கில் முடிவு செய்யவேண்டிய கேள்வியே அது அல்ல. கேள்விக்கு வெளியே நீதிபதி சொல்லும் கருத்து, வழக்கின் முடிவைத் தாங்கும் காரணம் போலக் கட்டாது. ஒன்றிய அரசும் அதே மாதம் எஸ்சி, எஸ்டிக்குக் கிரீமிலேயர் இல்லை என்று அறிவித்தது.

களத்தில் இருக்கும் தோழர்களுக்குச் சில விஷயங்கள். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போடாமல் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பினால் லலிதா குமாரி தீர்ப்பைச் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவைக் காட்டி, 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று சொன்னால், 18ஏ அதை வேண்டாம் என்கிறது, வேறு சட்டம் முரண்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே மேலோங்கும் என்று அதன் 20ஆவது பிரிவு சொல்கிறது என்று பதில் சொல்லுங்கள். பிணை மனுவுக்கு அறிவிப்பு வரவில்லை என்றால் அரசு வழக்கறிஞரிடம் ஹரிராம் பாம்பி தீர்ப்பின் நகலைக் கொடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

புகார் எழுதும்போது இன்னொன்று. சாதியைச் சொல்லி அவமதித்தது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். வீட்டு நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் எந்த இடம், டீக்கடை வாசலா தெருவா, என்ன வார்த்தை, அந்த நேரத்தில் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்பதை நடந்தது நடந்தபடி முதல் புகாரிலேயே எழுத வேண்டும். அம்மாக்கள் அழுதுகொண்டே சொல்லும்போது அந்தப் பெயர்கள்தான் விட்டுப்போகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவர் கேட்டு வாங்க வேண்டும்.